போயா பார்த்து, போத்தல் பார்த்து: மலையகத்தில் ஒரு ராத்திரியைக் கழிப்பது எப்படி

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு இலங்கை மலையகத்தில் கண்டி, நுவரெலியா, எல்ல என்று சுற்றுவதுதான் எனக்கு வேலை, வீடு ஹட்டன் பக்கம். பகலில் யாரும் தடுமாறுவதில்லை. அருவி, தேயிலைத் தோட்டம், ரயில் எல்லாம் வரும்போதே படித்துவிட்டு வருகிறார்கள். ராத்திரி ஏழு மணிக்குத்தான் கேள்வி வரும்: "அண்ணா, இங்க நைட்டு என்ன இருக்கு?" அந்த நேரத்தில் கேட்டால் என் பதில் "ஒண்ணும் இல்ல தம்பி" என்பதுதான். அதே கேள்வியை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கேட்டிருந்தால் ஐந்தாறு விஷயம் சொல்லியிருப்பேன். இங்கே ராத்திரிக்கான வேலையெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

இது 21 வயது ஆனவர்களுக்கு. இலங்கையில் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. முகம் சின்னதாக இருந்தால் பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. டிக்கெட் போடும் முன் போயாவைப் பாருங்கள்

மாதா மாதம் பௌர்ணமி அன்று இலங்கை முழுக்க விடுமுறை. போயா என்போம். அன்று மதுக்கடை, பார் எல்லாம் மூடியிருக்கும், இறைச்சிக் கடையும் திறக்காது. சூப்பர் மார்க்கெட்டில் பியர் அடுக்கியிருக்கும் அலமாரியைத் துணி போட்டு மறைத்துவிடுவார்கள். புத்தர் பிறந்த நாளான வெசாக் வரும் மாதத்தில் இது ஒரு நாளோடு நிற்காது. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு, அக்டோபர் 3 மதுவிலக்கு தினம், டிசம்பர் 25 ஆகிய நாட்களிலும் கடை மூடல்தான்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் பௌர்ணமியைப் பார்ப்பது. சில மாதங்களில் அதற்கும் போயாவுக்கும் ஒரு நாள் முன்பின் ஆகும். இலங்கை விடுமுறைப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து ஆறு பேர், நுவரெலியாவில் இருந்த ஒரே ராத்திரி போயாவில் போய் விழுந்தது. நான் முந்தின நாளே சொன்னேன், கேட்கவில்லை. எட்டு மணிக்கு ஒரு ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு விலைக்கு ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சீல் உடைபடாமலே சுற்றியது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன், அடியில் தூசி மிதந்தது. காசு போனாலும் பரவாயில்லை என்று வாஷ் பேசினில் ஊற்றிவிட்டுப் படுத்தார்கள். போயா அன்று வெளியிலிருந்து வரும் போத்தலில் யார் எதைக் கலந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அன்றைக்கு வேண்டுமென்றால் முந்தின நாள் கடையில் வாங்கி அறையில் வையுங்கள், அதையும் ஹோட்டலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

2. எந்த ஊரில் ராத்திரி என்று முடிவு செய்யுங்கள்

மூன்று ஊரும் மூன்று மாதிரி. இதை முடிவு செய்யாமல் அறை போட்டால் அடுத்தது எல்லாம் கோணலாகும்.

கண்டி நகரம்தான், ஆனால் நடுவில் புத்தரின் பல்லை வைத்து வணங்கும் தலதா மாளிகை இருக்கிறது. அதனால் தெரு ராத்திரியில் அடங்கிவிடும், இருப்பதெல்லாம் கட்டடத்துக்குள்தான். தலதா வீதியிலும் ஏரியைப் பார்த்த மேட்டிலும் பார்கள் உண்டு, பெரிய ஹோட்டல்கள் சிலவற்றில் வார இறுதியில் பாட்டு, ஆட்டம் இருக்கும்.

நுவரெலியாவில் குளிர்தான் முதலாளி. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய ஹோட்டல்களின் பார்களில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் குடிக்கிற ஊர் அது. ஆட்டம் பாட்டம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏப்ரல் சீசன் மட்டும் விதிவிலக்கு. குதிரைப் பந்தயம், கூட்டம், சத்தம், கூடவே அறை வாடகை பல மடங்கு.

தெருவில் இறங்கி நடந்து, இசை கேட்டு, நாலு நாட்டு ஆட்களோடு பேசிக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் எல்லதான். ஒரே ஒரு பெரிய தெரு. இங்கிருந்து அங்கே நடந்தே போய்விடலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி, குடித்துவிட்டு வாகனம் தேட வேண்டியதில்லை.

கசினோ கேட்பார்கள். அது கொழும்பு சமாச்சாரம், மலைக்கு ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டு வாருங்கள்.

மலையகத்தில் விடிய விடிய விளக்கு எரியும் தெரு ஒன்றே ஒன்றுதான், யாத்திரை போகிற புனித மலையான சிவனொளிபாத மலைக்கு ஏறும் படிக்கட்டு. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சீசன். நடுராத்திரி இரண்டு மணிக்குக்கூட வழி நெடுகத் தேநீர்க் கடை திறந்திருக்கும். அங்கே மட்டும் போத்தலோடு போகக் கூடாது. போயாவில் மாட்டிக்கொண்டவர்களை நான் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன், ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

3. அறை போடும்போது நாலு கேள்வி

படத்தைப் பார்த்து அறை போடாதீர்கள். "நுவரெலியா" என்று போட்டிருக்கும் பாதி இடங்கள் டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி ஏதாவது தோட்டத்துக்குள் இருக்கும். பகலில் சொர்க்கம் மாதிரித் தெரிகிற அந்த வழியில் ராத்திரி பத்து மணிக்கு மூடுபனி இறங்கினால் ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில் கேட்க வேண்டியது, டவுனுக்கு நடந்து போகலாமா என்று. ராத்திரித் திட்டம் இருந்தால் காட்சி கொஞ்சம் குறைந்தாலும் டவுன் அறைதான் சரி. அடுத்தது, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று. சின்ன கெஸ்ட் ஹவுஸ்களில் பத்து மணிக்கு வீட்டுக்காரர் படுத்துவிடுவார், நீங்கள் வெளியே நின்று கூப்பிட்டால் நாய்தான் முதலில் வரும். மூன்றாவது, சொந்தப் போத்தல் கொண்டுவரலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. நாலாவதை யாரும் கேட்பதில்லை: டிரைவருக்குப் படுக்க இடம், சாப்பாடு உண்டா? டிரைவர் வேனில் குளிரில் சுருண்டு படுத்து எழுந்தால் மறுநாள் வளைவுகளில் உங்களை ஓட்டப் போவது அந்தத் தூக்கம் கெட்ட கண்தான். என் சுயநலம் என்று நினைத்தாலும் சரி.

4. மத்தியானமே காசும் போத்தலும்

வெளிச்சத்தில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று பணம். யூபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் சின்ன பாரிலும் ஆட்டோவிலும் அதை நம்பிப் போகக் கூடாது. பணம் மாற்றும் கடையும் வங்கியும் சாயங்காலம் மூடிவிடும். ராத்திரியில் ஹோட்டல் கவுன்டரில் மாற்றினால் அவர்கள் சொல்வதுதான் விலை. ஐயாயிரம் ரூபாய் நோட்டாக வாங்காமல் ஐந்நூறு, ஆயிரமாகக் கேட்டு வாங்குங்கள். இருட்டில் ஆட்டோக்காரரிடம் ஐயாயிரத்தை நீட்டினால் "சில்லறை இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும்.

இரண்டாவது போத்தல். மதுக்கடையை இங்கே "வைன் ஸ்டோர்ஸ்" என்போம். எட்டு, ஒன்பது மணிக்குள் ஷட்டர் இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பார்கள் மத்தியானம் 2 மணிக்கு மூடி 5 மணிக்குத்தான் திறக்கும், அந்த இடைவெளியில் போய் நின்று "ஊரே மூடிக் கிடக்கு" என்று திரும்பி வந்தவர்கள் நிறைய.

இங்கே சொல் விஷயத்தில் ஒரு குழப்பம். உங்கள் ஊரில் சாராயம் என்றால் கள்ளத்தனமாகக் காய்ச்சுவது. எங்களுக்குச் சாராயம் என்றால் தென்னங்கள்ளிலிருந்து வடித்து, லேபிள் ஒட்டி, கடையில் சட்டப்படி விற்பது. கள்ளத்தனமாகக் காய்ச்சுவதற்கு எங்கள் ஊர்ப் பெயர் கசிப்பு. மதுரைப் பையன் ஒருவனிடம் "நல்ல சாராயம் வாங்கிக்கொள்" என்றதும் அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், நான் எதையோ கடத்துகிறேன் என்று நினைத்திருப்பான் போல. யாராவது தோட்டத்துப் பக்கம் கசிப்பு ருசி பார்க்கலாம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள், கண் போனவர்கள் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். தோட்டத்துப் பக்கம் "தவறணை" என்று கேட்டால் அது கள்ளுக்கடை.

அரைப் போத்தல், கால் போத்தல் என்றுதான் கேட்க வேண்டும். வாங்கியதும் மூடியைப் பாருங்கள், மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். பியரில் லயன் லேகர் சாதாரணம், ஆனால் லயன் ஸ்டவுட்டும் லயன் ஸ்ட்ராங்கும் 8.8 சதவீதம். ஸ்டவுட் கறுப்பாக, கொஞ்சம் காப்பி ருசியில் இறங்கும், தித்திப்புக்கு இரண்டு போத்தல் போனதே தெரியாது. எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

பெண்களுக்கு ஒரு தடை. 1979-இல் வந்த அறிவிப்புப்படி மதுக்கடையில் பெண்களுக்கு விற்கக் கூடாது. 2018 ஜனவரியில் அதை எடுத்தார்கள், சில நாட்களிலேயே ஜனாதிபதி திரும்பக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு அதில் ஒரு நியாயமும் தெரியவில்லை, ஆனால் கவுன்டரில் நின்று வாதாடி யாரும் ஜெயித்தும் பார்த்ததில்லை. சுற்றுலாப் பயணிகள் வரும் ஹோட்டல் பார்களில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் பெண்கள் இருக்கும் குழு அங்கே உட்காருவதுதான் தலைவலி இல்லாத வழி.

5. உட்காரும் முன் மெனுவின் அடியைப் படியுங்கள்

மெனுவின் கடைசியில் சின்ன எழுத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் விலைக்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 18 சதவீதம் வாட் வரி என்று அர்த்தம். ஆயிரம் ரூபாய் என்று போட்டிருப்பது முதலில் 1,100 ஆகும், அதற்கு வரி சேர்ந்து 1,298. ஏறத்தாழ முப்பது சதவீதம் கூடுகிறது. பில் வந்த பிறகு சண்டை போடுவதில் பயனில்லை, அவர்கள் மெனுவைத் திருப்பிக் காட்டுவார்கள்.

நீங்கள் சைட் டிஷ் என்பதை இங்கே "பைட்" என்பார்கள். டெவல் என்று போட்டிருந்தால் மிளகாய், வெங்காயம், சாஸ் போட்டு வதக்கியது. ஒரு தட்டு மூன்று பேருக்குப் போதும், ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு மிச்சம் வைக்காதீர்கள். கேட்காமல் மேஜைக்கு வரும் கடலைத் தட்டுக்கும் காசு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், எங்கள் பில்லில் ஆறு பியருக்குப் பதில் எட்டு இருந்தது. அன்றிலிருந்து காலிப் போத்தலை மேஜையை விட்டு எடுக்க விடுவதில்லை. பில் வரும்போது எண்ணிப் பார்க்க அதுதான் சாட்சி.

6. குளிருக்கு உடுத்துங்கள், குடித்துச் சூடேற்றாதீர்கள்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பிப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாக இருக்கும். குடித்தால் சூடு வருவதாகத் தோன்றுவது தோலுக்கு ரத்தம் அதிகமாக ஓடுவதால்தான். உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகவே வெளியே போகிறது. அரைக்கால் சட்டையோடு, இரண்டு ரவுண்டு தைரியத்தில், ஏரிக்கரையில் உட்கார்ந்தவனைப் போர்வை சுற்றித் தூக்கி வந்திருக்கிறேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பார்பிக்யூ அடுப்பின் கரி அணையாமல் இருக்கிறது, அறைக்குள் வைத்தால் கதகதப்பாக இருக்கும் என்று உள்ளே தூக்கி வரவே வராதீர்கள். கரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, மூடிய அறையில் தூக்கத்திலேயே உயிர் போகும். குடித்திருந்தால் தலைவலி வந்துகூட விழிப்பு வராது. ஹோட்டலில் இன்னொரு கம்பளி கேளுங்கள், கொடுப்பார்கள்.

உடுப்பில் இன்னொரு விஷயம். நுவரெலியா ஹில் கிளப்புக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போக ஆசை என்றால் ஏழு மணிக்கு மேல் ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும். இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கிடைக்கும், அளவு பொருந்தினால் அதிர்ஷ்டம்.

7. எங்கே திறக்கக் கூடாது

ஏரிக்கரை, ரயில், பஸ், பார்க், அருவிக்கரை. பொது இடத்தில் போத்தல் திறந்தால் போலீஸ் பிடிக்கும். கண்டி ஏரியைச் சுற்றி இன்னும் கெடுபிடி. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது, குடித்திருக்கும்போது இன்னும் மோசமாக முடியும்.

கஞ்சா, ஐஸ் என்று போதைப்பொருள் பெயரைக் காதில் கிசுகிசுப்பவர்கள் எல்லவில் அடிக்கடி வருவார்கள். விற்பவனும் காட்டிக்கொடுப்பவனும் ஒரே ஆளாக இருக்கக்கூடும். சிங்களத்தில் "எப்பா" என்றால் வேண்டாம் என்று அர்த்தம், நம்ம ஊர் "ஏப்பா" மாதிரியே வாயில் வரும். அதைச் சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள். நின்று பேரம் பேசுகிற மாதிரித் தெரிந்தால் பின்னாலேயே வருவார்கள்.

8. "ஸ்பா இருக்கு சார்" என்பவர்களிடம்

இதைக் கேட்காதவர்கள் குறைவு, அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். மலையகத்தில் சிவப்பு விளக்குத் தெரு என்று எதுவும் இல்லை. விபசார விடுதி நடத்துவது இலங்கையில் குற்றம், ஸ்பா என்ற பலகையின் பின்னால் நடப்பவற்றைப் போலீஸ் அடிக்கடி சோதனை போடுகிறது. ஆட்டோவிலோ பார் வாசலிலோ படம் காட்டி முன்பணம் கேட்பவர்களிடம் பெரும்பாலும் நடப்பது இதுதான்: காசு வாங்கி ஒரு அறையில் உட்கார வைப்பார்கள், பத்து நிமிடத்தில் "போலீஸ்" என்று இரண்டு பேர் வருவார்கள், உண்மைப் போலீஸா இல்லையா என்று கேட்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், பர்ஸ் காலி. எங்கள் வேனில் வந்த ஒருவருக்கு இப்படி மோதிரமும் போனது. ஊருக்குப் போன் போட்டு வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்வது என்று விடியும் வரை என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேண்டியது உண்மையான மசாஜ் என்றால் பகலில், ஹோட்டல் சொல்லும் ஆயுர்வேத இடத்துக்குப் போங்கள். யாராவது வயது குறைந்தவர்களைக் காட்டினால் 1929-க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு எண். அப்புறம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் பக்கம் ராத்திரியில் சுற்றி, வேலை முடிந்து வரும் பெண்களைப் படம் எடுப்பது, பேச்சுக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். அங்கே வீட்டு வாசலும் பாதையும் ஒன்றுதான், நீங்கள் நிற்பது அவர்கள் முற்றத்தில்.

9. திரும்பி வருவதைப் போகும்போதே பேசுங்கள்

இறக்கிவிட்ட ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி, திரும்பும் நேரத்தையும் கூலியையும் அப்போதே பேசி முடியுங்கள். கண்டியில் பிக்மி, ஊபர் ஓரளவு கிடைக்கும், மலை ஏற ஏற ஆப்பில் வண்டி குறையும். ராத்திரியில் வண்டி கிடைக்காதவன் என்ன கூலி கேட்டாலும் தலையாட்டுவான் என்பது அவர்களுக்கும் தெரியும். அறையின் பெயரை மட்டும் சொல்லாமல் பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடம், கோவில் ஏதாவது ஒன்றைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று கெஸ்ட் ஹவுஸ் இருக்கும். ஆட்டோக்காரர் "அய்யே" என்று கூப்பிட்டால் உங்களைப் பெரிய மனிதராக்கவில்லை, சிங்களத்தில் அது அண்ணன். நீங்கள் சின்னவராகத் தெரிந்தால் "மல்லி", தம்பி.

வாடகை ஆட்டோ, பைக்கை நீங்களே ஓட்டும் எண்ணம் இருந்தால் ராத்திரிக்கு அதை மறந்துவிடுங்கள். இந்திய லைசென்ஸ் மட்டும் இங்கே செல்லாது, தனி அனுமதி எடுக்க வேண்டும். எடுத்திருந்தாலும் இது தெரியாத பாதை. 2025 மே மாதம் கொத்மலைப் பக்கம் விடியற்காலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஊரிலிருந்து ஊருக்கு ராத்திரிப் பயணம் என்றால் நான் கூலி எவ்வளவு கொடுத்தாலும் எடுப்பதில்லை. பார்ட்டி முடித்துவிட்டு நேராகக் கொழும்புக்கு விடுங்கள் என்பவர்களிடம், விடிந்து ஆறு மணிக்கு என்று சொல்லிவிடுவேன்.

10. போனில் முதலிலேயே பதிந்துவைக்க வேண்டியவை

119 போலீஸ், 1990 இலவச ஆம்புலன்ஸ், 1912 சுற்றுலாப் போலீஸ். ஹோட்டல் முகவரியைத் திரையில் படமாக வையுங்கள், மலைக்குள் சிக்னல் எங்கே போகும் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டு நகலோடு போங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. பார் மூடிய பிறகு பசித்தால் தெருவில் காதைத் தீட்டி நில்லுங்கள். இரும்புத் தகட்டில் இரண்டு கத்தி அடிக்கும் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே கொத்து ரொட்டி இருக்கிறது. பத்து மணிக்கு மேல் அந்தச் சத்தமும் நிற்கும், அதனால் ஒன்பதரைக்கே ஒருத்தரை அனுப்பிப் பார்சல் கட்டி வைத்துவிடுங்கள், முட்டை தனியாகச் சொல்லி.